பல்கலைக்கழக நூலகம் ஓர் ஆய்வேட்டை எப்படிப் பட்டியலிடுகிறது?

முனைவர் பட்ட ஆய்வேடு எந்தப் புத்தகக் கடைக்கும் வருவதில்லை. அதற்குப் பதிப்பாளர் இல்லை, விலை இல்லை, ஐ.எஸ்.பி.என். எண்ணும் இல்லை. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்பிவைக்க வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆய்வேடு வெளியிடப்பட்ட நூல் அல்ல என்பதால் அந்த வழியாகவும் அது எங்கும் போய்ச் சேராது.

கட்டப்படும் சில படிகளில் ஒன்று ஆய்வாளரிடம் இருக்கும், ஒன்று நெறியாளரிடம் இருக்கும், மற்றவை தேர்வாளர்களுக்குப் போய்விடும். முன்பின் அறிமுகமில்லாத ஒரு வாசகர் கேட்டுப் பெறக்கூடியது பல்கலைக்கழக நூலகத்துப் படிதான். அந்தப் படி அங்கே இருக்கிறது என்று வெளியுலகுக்குச் சொல்வது நூலகப் பட்டியலில் உள்ள ஒரே ஒரு பதிவு. அந்தப் பதிவில் பெயர் தவறிவிட்டால், அல்லது பொருள் மேலோட்டமாகக் குறிக்கப்பட்டால், நான்கைந்து ஆண்டு உழைப்பு அலமாரியில் இருந்தும் யார் கண்ணிலும் படாது. அடுத்து வரும் மாணவர் அதே தலைப்பை எடுத்து, அதே ஊர்களுக்குப் போய், அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்கத் தொடங்குவார். நம் பல்கலைக்கழகங்களில் ஒரே பொருளில் ஆய்வுகள் திரும்பத் திரும்ப வருவதற்கு மாணவர்களின் சோம்பலைக் காரணம் காட்டுவார்கள். முந்தைய ஆய்வேடு கண்ணில் படாமல் போவதும் அதற்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நூலகப் பட்டியலைப் பலர் இருப்புக் கணக்கு என்று நினைக்கிறார்கள். இருப்புக் கணக்குக்குச் சேர்க்கைப் பதிவேடு என்று தனியாக ஒன்று உண்டு. வந்து சேரும் ஒவ்வொரு படிக்கும் அதில் வரிசையாக ஓர் எண் விழும். பட்டியலின் வேலை வேறு. ஆசிரியர் பெயர் மட்டும் தெரிந்தவர், தலைப்பில் பாதி மட்டும் நினைவிருப்பவர், தனக்கு வேண்டிய பொருள் மட்டும் தெரிந்தவர் ஆகிய மூவரையும் ஒரே ஏட்டிடம் அது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்துத் தந்தார். அவற்றில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. கடையில் விற்கும் நூலுக்கு விளம்பரம் உண்டு, மதிப்புரை உண்டு. ஆய்வேட்டுக்கு அப்படி எதுவும் இல்லாததால் அந்த மூன்றாவது விதியின் முழுப் பாரமும் பட்டியல் பதிவின் மேல் விழுகிறது.

ஏடு வந்து சேர்ந்ததும்

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ‘தாமிரபரணிப் பாசனக் குளங்கள்: ஒரு சமூக வரலாறு’ என்று ஓர் ஆய்வேடு நூலகத்துக்கு வருகிறது. வரலாற்றுத் துறை, முனைவர் பட்டம், தமிழில் எழுதப்பட்டது. கெட்டி அட்டை, ரெக்ஸின் உறை, முதுகில் பொன்னெழுத்து. கூடவே ஒரு மென்படி, அதாவது ஏட்டின் கணினிக் கோப்பு.

பட்டியலாளர் முதலில் பார்ப்பது அட்டையை அல்ல, உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கத்தை. முதுகில் இடம் போதாமல் தலைப்பைச் சுருக்கியிருப்பார்கள்; அட்டையில் துணைத்தலைப்பு விடுபட்டிருக்கலாம். தலைப்புப் பக்கத்தில் உள்ளதை உள்ளபடியே எடுத்தெழுத வேண்டும் என்பது பட்டியலாக்கத்தின் அடிப்படை விதி. அங்கே எழுத்துப் பிழை இருந்தாலும் அதை அப்படியே எழுதி, சரியான வடிவத்தை வேறு ஒரு புலத்தில் சேர்ப்பார்கள். எடுத்த எடுப்பில் திருத்திவிட்டால், கையில் உள்ள ஏடும் திரையில் உள்ள பதிவும் ஒன்றுதானா என்ற ஐயம் வாசகருக்கு வந்துவிடும்.

அடுத்து, தகவல்களைக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். உலகின் பெரும்பாலான பல்கலைக்கழக நூலகங்கள் இதற்கு மார்க் என்ற வடிவத்தைப் பயன்படுத்துகின்றன. 1960களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் என்ற கணினி நிரலாளர் தலைமையில் உருவான இந்த வடிவத்தின் இன்றைய பதிப்பு மார்க் 21. நம் ஊர்க் கல்லூரிகளில் பரவலாக உள்ள கோஹா என்ற இலவச நூலக மென்பொருளும் இதைத்தான் பின்பற்றுகிறது. ரயில் முன்பதிவுப் படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், வயதுக்கு ஒரு கட்டம் இருப்பதைப்போல, இதில் ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் மூன்று இலக்க எண் கொண்ட ஒரு புலம் உண்டு. 100இல் ஆய்வாளரின் பெயர். 245இல் தலைப்பு. 300இல் பக்க எண்ணிக்கை, வரைபடம், ஏட்டின் உயரம். 504இல் துணைநூற்பட்டியல் எந்தப் பக்கங்களில் இருக்கிறது என்ற குறிப்பு. 520இல் ஆய்வுச் சுருக்கம். 650இல் பொருள். இவையெல்லாம் சாதாரண நூலுக்கும் உண்டு.

ஆய்வேட்டுக்கே உரிய புலம் 502. எந்தப் பட்டத்துக்காக, எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்த ஆண்டு என்ற மூன்றும் அதில் தனித்தனித் துணைப்புலங்களாக உட்காரும். நம் எடுத்துக்காட்டில் அது ‘முனைவர் பட்டம், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், 2014’ என்று இருக்கலாம். சிறிய புலம்தான், ஆனால் ஏடு எம்.ஏ. மாணவரின் திட்டக் கட்டுரையா, எம்.ஃபில். ஏடா, முனைவர் பட்ட ஆய்வேடா என்பதை வாசகர் இதைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார். எந்த அளவுக்கு அதை மேற்கோள் காட்டலாம் என்ற முடிவும் இதைப் பொறுத்தது. மூன்றையும் ‘ஆய்வேடு’ என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்ட பதிவுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஆண்டு எது என்பதிலும் குழப்பம் வரும். ஏட்டைச் சமர்ப்பித்தது 2013 நவம்பர், வாய்மொழித் தேர்வு 2014 ஜூலை, பட்டமளிப்பு விழா 2015 என்று மூன்று ஆண்டுகள் குறுக்கே வரலாம். 502இல் எழுத வேண்டியது பட்டம் வழங்கப்பட்ட ஆண்டு. விழா மேடையில் பட்டச் சுருளை வாங்கிய நாள் அதற்குப் பொருட்டில்லை. ஏடு உருவான ஆண்டுக்கு 264 என்று தனிப் புலம் இருக்கிறது. நூலாக இருந்தால் பதிப்பகத்தின் ஊரும் பெயரும் அதே 264இல்தான் வரும். ஆய்வேட்டுக்குப் பதிப்பகம் இல்லை என்பதால் பெரும்பாலும் அங்கே ஆண்டு மட்டும் தனியாக நிற்கும். பல்கலைக்கழகத்தைப் பதிப்பாளர் என்று அங்கே எழுதிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. பல்கலைக்கழகம் பட்டம் வழங்கிய நிறுவனம். அதற்கு உரிய இடம் 502உம், நிறுவனப் பெயருக்கான 710உம்.

நெறியாளரின் பெயர் 700இல் போகும். பெயரோடு ‘நெறியாளர்’ என்ற உறவுச் சொல்லையும் சேர்த்தே எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் கணினி அவரை இணை ஆசிரியராகக் காட்டும். பழைய பதிவுகள் பலவற்றில் நெறியாளர் பெயரே இருக்காது. ஒரு பேராசிரியரின் வழிகாட்டலில் என்னென்ன ஆய்வுகள் நடந்தன என்று தொகுத்துப் பார்க்க முடிந்தால், ஒரு துறையின் சிந்தனை எந்தத் திசையில் வளர்ந்தது என்பதே தெரியவரும். இந்த ஒரு வரிக்காகச் செலவிடும் அரை நிமிடம் அவ்வளவு பெறும்.

பதிவின் தலைமாட்டில் வாசகர் கண்ணுக்குத் தெரியாத சில குறிகளும் உண்டு. அவற்றில் ஒன்று, ‘எம்’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. இந்த ஏடு ஆய்வேடு என்று கணினிக்குச் சொல்வது அதுதான். ‘ஆய்வேடுகளை மட்டும் காட்டு’ என்று தேடுபவருக்கு, இந்த எழுத்து விடுபட்ட ஏடுகள் காணாமல் போய்விடும்.

தமிழ்ப் பெயர் படும் பாடு

பட்டியலாளரின் நேரத்தைப் பெரிதும் தின்பது பெயர்தான், அதிலும் தமிழ்ப் பெயர். மேலைநாட்டுப் பட்டியல் விதிகள் குடும்பப் பெயரை மனத்தில் வைத்து வளர்ந்தவை. நமக்குக் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்து, சில வேளைகளில் ஊரின் முதலெழுத்து, பிறகு சொந்தப் பெயர். ஆகவே சொந்தப் பெயரை முன்னே வைத்து, முதலெழுத்தைப் பின்னே தள்ளி ‘ரங்கநாதன், எஸ். ஆர்.’ என்று பதிவது நம் மரபுக்குப் பொருந்துகிறது. அந்த எஸ். சீர்காழியின் பழைய எழுத்து வடிவமான ஷியாலி, ஆர். இராமாமிர்தம். ஊரும் தந்தையும் முதலெழுத்துகளில் அடங்கிவிடுகிறார்கள்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. கடவுச்சீட்டுக்காகவோ அயல்நாட்டு ஆய்விதழுக்காகவோ தந்தை பெயரை விரித்துத் தன் பெயருக்குப் பின்னால் எழுதுகிறார் ஓர் ஆய்வாளர். அங்குள்ள தரவுத்தளம் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, தந்தையின் பெயரில் ஆய்வைப் பதிந்துவிடுகிறது. திருமணத்துக்குப் பிறகு முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளருக்கு எம்.ஃபில். ஏடு ஒரு பெயரிலும் முனைவர் பட்ட ஏடு இன்னொரு பெயரிலும் இருக்கும். தமிழ் வடிவம், ஆங்கில வடிவம், கிரந்த எழுத்து உள்ள வடிவம், இல்லாத வடிவம் என்று கிளைகள் பெருகும்.

சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆய்ந்து 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற மு. வரதராசனை எடுத்துக்கொள்ளுங்கள். மு.வ., மு. வரதராசனார், வரதராஜன், ஆங்கிலத்தில் எம். வரதராஜன் என்று அவர் பெயர் பல வடிவங்களில் வழங்குகிறது. இத்தனையும் ஒரே மனிதர் என்று கணினிக்குத் தானாகத் தெரியாது. அதனால் நூலகங்கள் பெயர்களுக்கென்றே தனிக் கோப்பு ஒன்று வைத்திருக்கும். ஒரு வடிவத்தை ஏற்கப்பட்ட வடிவமாகத் தேர்ந்தெடுத்து, மற்ற வடிவங்களில் தேடினாலும் அங்கேயே கொண்டுவந்து விடும்படி ‘காண்க’ குறிப்புகளைப் போட்டுவைப்பார்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் பிறந்த ஆண்டைச் சேர்த்துப் பிரிப்பார்கள். பல நாட்டுத் தேசிய நூலகங்களின் இத்தகைய கோப்புகளை இணைக்கும் வயாஃப் என்ற பன்னாட்டுக் கோப்பும் இருக்கிறது. 2012 முதல் ஆய்வாளர்களுக்கு ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இலவசமாகக் கிடைக்கிறது. பெயர் எத்தனை விதமாக மாறினாலும் எண் மாறாது. குடும்பப் பெயர் இல்லாத நம் ஆய்வாளர்களுக்கு இந்த எண் மற்றவர்களைவிட அதிகம் பயன்படும். ஏட்டைக் கட்டுவதற்கு முன்பே இதைப் பெற்றுவிடுவது நல்லது.

மு.வ.வின் ஆய்வு பின்னாளில் ஆங்கில நூலாகவும் வந்தது. இப்படி ஆய்வேடு நூலாகும்போது நூலுக்குத் தனிப் பதிவு போட்டு, ‘இது இன்ன பல்கலைக்கழகத்துக்கு அளிக்கப்பட்ட ஆய்வேட்டின் நூல் வடிவம்’ என்ற குறிப்பையும் அதே 502இல் எழுதுவார்கள். நூலில் விடுபட்ட பின்னிணைப்புகள், கேள்விப் பட்டியல்கள், புள்ளிவிவர அட்டவணைகள் ஆய்வேட்டில்தான் இருக்கும் என்பதால் இரண்டு பதிவுகளும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும்.

குளமா, ஏரியா, கண்மாயா?

இனி பொருள். நம் எடுத்துக்காட்டு ஏட்டின் தலைப்பில் ‘குளங்கள்’ என்று இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் பாசன நீர்நிலையைக் குளம் என்பார்கள். மதுரை, இராமநாதபுரம் பக்கம் அதுவே கண்மாய். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் ஏரி. தாமிரபரணிக்கும் தாமிரவருணி, பொருநை என்ற பெயர்கள் வழக்கில் உண்டு. ‘ஏரிப் பாசனம்’ என்று தேடும் காஞ்சிபுரத்து மாணவருக்கு இந்த ஏடு தலைப்புச் சொல்லை வைத்துக் கிடைக்கவே கிடைக்காது, அவருக்கு மிகவும் வேண்டிய ஏடு இதுவாக இருந்தாலும்.

இதற்காகத்தான் பொருள் தலைப்புகள் என்ற ஏற்பாடு. ஒரு பொருளுக்கு எத்தனை சொற்கள் வழங்கினாலும், ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா ஏடுகளுக்கும் அதையே இடுவது. மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்டுவது. ஆங்கிலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பொருள் தலைப்புப் பட்டியல் பல நாடுகளில் பயன்படுகிறது. நம் நூலகங்கள் பலவும் தமிழ் ஏட்டுக்கும் அதிலிருந்து எடுத்து ‘பாசனம், இந்தியா, திருநெல்வேலி மாவட்டம், வரலாறு’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதிவிடுகின்றன. ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் தமிழில் தேடுபவருக்குத் தமிழ்ச் சொல் வேண்டும். மடை, மதகு, குடிமராமத்து, நீர்க்கட்டி என்ற சொற்களுக்கு ஆங்கிலப் பட்டியலில் இணை தேடி எழுதும்போது, அந்த ஆய்வின் தனித்தன்மையில் பாதி கரைந்துவிடும். பட்டியலாளர் கூடுதலாக ஐந்தாறு தமிழ்த் திறவுச்சொற்களை இட்டால் ஏடு உயிர்பெறும். தலைப்பில் உள்ள சொற்களையே திறவுச்சொற்களாகத் திருப்பி எழுதுவதால் பயன் இல்லை; தலைப்பில் தேடினாலே அவை கிடைத்துவிடும். தலைப்பில் இல்லாத சொற்களை எழுத வேண்டும்: ஏரி, கண்மாய், பொருநை, நீர் மேலாண்மை, ஆய்வில் பெரிதாக வரும் ஊர்களின் பெயர்கள்.

அதற்குப் பட்டியலாளர் ஏட்டின் உள்ளடக்கம், முன்னுரை, முடிவுரை ஆகியவற்றையாவது படித்திருக்க வேண்டும். வேதியியல் ஆய்வேட்டை வரலாறு படித்த நூலகர் பட்டியலிட நேர்கையில் ஆய்வுச் சுருக்கமே அவருக்குத் துணை. ஆகவே சுருக்கத்தை எழுதும் ஆய்வாளர், முதல் வாசகர் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பொருள் தெரிந்தால், ஏடு அலமாரியில் எந்தப் பொருளோடு நிற்கும் என்று காட்டும் பகுப்பு எண் வரும். மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில், பாசனத்தை வேளாண் தொழில்நுட்பமாகப் பார்த்தால் 631.587, நீர்வளப் பொருளாதாரமாகப் பார்த்தால் 333.91இன் கீழ், தமிழ்நாட்டு வரலாறாகப் பார்த்தால் 954.82. ஏடு அலமாரியில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும், எனவே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். சமூக வரலாறு என்று ஆய்வாளரே சொல்வதால் 954.82ஐத் தேர்ந்து, பாசனத்தைப் பொருள் தலைப்பில் பிடித்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். வேறொருவர் வேறு முடிவெடுத்தால் அதுவும் தவறாகிவிடாது. ஆனால் அந்த நூலகத்துக்குள் இத்தகைய ஏடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே முடிவைப் பின்பற்ற வேண்டும்.

டூயி முறையில் ஆங்கிலக் கவிதைக்கு 821 என்று மூன்று இலக்கம் போதும். தமிழ்க் கவிதை 894.8111 வரை போக வேண்டும். தமிழ்த் துறை ஆய்வேடுகள் அத்தனையும் அந்த நீண்ட எண்ணின் கீழ் நெருக்கியடித்து நிற்கும். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் இலக்கியத்துக்கு ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து, அதன் பின் மொழிக்கு உரிய எண். ஆங்கிலத்துக்கு 111, தமிழுக்கு 31. எண்ணின் நீளத்தில்கூட ஒரு பார்வை இருக்கிறது.

பல நூலகங்கள் ஆய்வேடுகளைப் பகுப்பு எண்ணின்படி அடுக்குவதில்லை. தனி அறையில், வந்த வரிசையில், ஓடும் எண் கொடுத்து அடுக்கிவிடுகின்றன. வீட்டுக்கு இரவலும் தருவதில்லை. இட நெருக்கடியில் இது புரிந்துகொள்ளக்கூடியதே. அப்படிச் செய்தால் அலமாரியை மேய்ந்து கண்டுபிடிக்கும் வாய்ப்பு வாசகருக்கு அடைபட்டுவிடுகிறது என்பதால், பதிவின் தரம் இரண்டு மடங்கு முக்கியமாகிறது.

காந்திநகருக்குப் போகும் படி

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மென்படியையும் கட்டாயமாக்கின. 2016ஆம் ஆண்டு விதிமுறைகளின்படியும், அவற்றின் இடத்தில் வந்த 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படியும், பட்டத்தை அறிவிப்பதற்கு முன்பே மென்படியை இன்ஃப்லிப்நெட் மையத்துக்கு அளித்துவிட வேண்டும். குஜராத்தின் காந்திநகரில் உள்ள அந்த மையம் நடத்தும் இணையக் களஞ்சியம்தான் ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். ஆய்வு தொடங்கும்போது அளிக்கும் திட்ட முன்வரைவுகளுக்கு ஷோத்கங்கோத்ரி என்ற தனிக் களஞ்சியம் உண்டு.

ஷோத்கங்கா, டிஸ்பேஸ் என்ற மென்பொருளில் இயங்குகிறது. மார்க் வடிவத்தின் நூற்றுக்கணக்கான புலங்கள் அங்கே கிடையாது. டப்ளின் கோர் என்ற எளிய தர அமைப்பை விரித்து, ஆய்வாளர், நெறியாளர், பல்கலைக்கழகம், துறை, பதிவு செய்த நாள், முடித்த நாள், பட்டம் பெற்ற நாள் என்று ஆய்வேட்டுக்குத் தகுந்த புலங்களை வைத்திருக்கிறார்கள். மூன்று நாள்களுக்கும் தனித்தனி இடம் கொடுத்தது நல்ல யோசனை. ஏட்டை ஒரே கோப்பாக ஏற்றாமல் தலைப்புப் பக்கம், சான்றிதழ், உள்ளடக்கம், ஒவ்வோர் இயல் என்று எண்ணிட்டுப் பிரித்து ஏற்றுவார்கள். மூன்றாம் இயல் மட்டும் வேண்டும் என்பவர் அதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வோர் ஏட்டுக்கும் 10603 என்று தொடங்கும் நிலையான முகவரி எண் கிடைக்கும். இணையதளத்தின் அமைப்பு மாறினாலும் அந்த முகவரி ஏட்டிடம் கொண்டுபோய் விடும் என்பதால், மேற்கோள் காட்டும்போது அதையே கொடுக்க வேண்டும். உலாவியின் மேல்பட்டையிலிருந்து வெட்டி ஒட்டும் நீண்ட முகவரி சில ஆண்டுகளில் செத்துப்போகலாம். கவனமுள்ள நூலகர் இந்த நிலையான முகவரியைத் தன் பட்டியலின் 856ஆம் புலத்திலும் சேர்த்துவிடுவார்.

காப்புரிமை விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலோ, பதிப்பகத்தோடு ஒப்பந்தம் இருந்தாலோ, முழு ஏட்டையும் குறிப்பிட்ட காலத்துக்குத் திறக்காமல் வைக்கக் கேட்கும் ஆய்வாளர்கள் உண்டு. அப்போதும் பதிவு வெளியே தெரிய வேண்டும். ஏடு மட்டுமே மூடியிருக்க வேண்டும்.

தமிழ் ஏடுகளுக்கு மென்படியில் ஒரு பெரிய தடை இருக்கிறது. ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் பல ஆய்வேடுகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் அழகான தமிழ் தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து; எழுத்துரு அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லைக் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள்: ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். கணினியின் தேடல் அந்த ஐந்து குறிகளைத்தான் பார்க்கிறது. முந்நூறு பக்கத் தமிழ் ஏட்டில் அதன் கண்ணுக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை. இத்தகைய ஏட்டை வாசகரிடம் சேர்க்க மீத்தரவு ஒன்றே வழி. அதாவது, பட்டியலாளர் ஒருங்குறியில் தட்டச்சு செய்யும் தலைப்பு, பெயர், சுருக்கம், திறவுச்சொற்கள். பாமினி ஏட்டின் சுருக்கத்தை அப்படியே வெட்டி ஒட்டிவிட்டால் பட்டியலிலும் அதே குப்பை ஏறிவிடும்.

ஒருங்குறியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கத் தெரியாத தேடுபொறியில் ‘கொற்கை’ என்று அடித்தால் சில ஏடுகள் மட்டும் வரும், சில வராது.

அயல்நாட்டு நூலகங்களில் தமிழ் ஏட்டைத் தேடும்போது ஒலிபெயர்ப்பையும் நினைவில் கொள்ள வேண்டும். ழகரத்தை ஆங்கிலத்தில் இசட், ஹெச் என்று எழுதி நாம் பழகிவிட்டோம். அமெரிக்க நூலகங்களின் முறையில் அது எல் எழுத்தும் அதன் கீழே ஒரு கோடும். பல பதிவுகளில் 880ஆம் புலத்தில் தமிழ் எழுத்து வடிவமும் இணைந்திருக்கும், ஆகவே முதலில் தமிழிலேயே தட்டித் தேடிப் பார்க்கலாம்.

தேடுபவருக்கும் சமர்ப்பிப்பவருக்கும்

ஏட்டைச் சமர்ப்பிக்கப் போகிறவர், தலைப்புப் பக்கத்தில் உள்ள அதே பெயர் வடிவத்தைச் சான்றிதழிலும் மென்படியிலும் விண்ணப்பத்திலும் எழுத வேண்டும். தமிழ் ஏடானால் தலைப்பின் ஆங்கில வடிவத்தையும் நீங்களே கொடுங்கள். நூலகத்தில் இருப்பவர் ஒருவிதமாகவும் காந்திநகரில் இருப்பவர் வேறுவிதமாகவும் மொழிபெயர்க்க இடம் கொடுக்காதீர்கள். திறவுச்சொற்களைக் கடைசி நாளில் அவசரத்தில் நிரப்பாமல், இந்த ஆய்வை எந்தெந்தச் சொல்லால் யார் தேடுவார்கள் என்று நெறியாளரோடு உட்கார்ந்து யோசியுங்கள். ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள்.

தேடுபவர் முதலில் ஷோத்கங்காவில் பாருங்கள், பிறகு அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். ஆய்வாளர் பெயரில் கிடைக்கவில்லையென்றால் நெறியாளர் பெயரில் தேடுங்கள். கிரந்த எழுத்தை மாற்றிப் பாருங்கள்: ராஜராஜன், இராசராசன் இரண்டிலும். எம்.ஃபில். படிப்பு 2022ஆம் ஆண்டு விதிமுறைகளோடு நின்றுவிட்டது என்றாலும், அதற்கு முன் எழுதப்பட்ட எம்.ஃபில். ஏடுகள் துறை நூலகங்களிலும் கல்லூரிகளிலும் இருக்கின்றன. வட்டார வழக்கு, நாட்டார் பாடல், ஊர் வரலாறு போன்ற பொருள்களில் வேறெங்கும் பதிவாகாத களத் தகவல் அவற்றில் கிடைக்கும். பெரிய ஆய்வேடுகளுக்கு எடுக்கும் அதே அக்கறையோடு அவற்றையும் பட்டியலிட வேண்டும் என்று நான் எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லி வருகிறேன்.

கணினியில் இல்லாததாலேயே ஏடு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய ஆய்வேடுகள் பலவற்றின் பதிவு இன்னும் 7.5 சென்டிமீட்டருக்கு 12.5 சென்டிமீட்டர் அளவுள்ள பட்டியல் அட்டைகளிலும் சேர்க்கைப் பதிவேட்டிலும் மட்டுமே இருக்கிறது. நேரில் போய் ஆய்வேட்டுப் பிரிவில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பதிவில் பிழை கண்டால், ஏட்டின் சேர்க்கை எண்ணையோ நிலையான முகவரியையோ குறித்து, தலைப்புப் பக்கத்தின் படத்தோடு நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு பெயரையோ ஆண்டையோ திருத்துவது பட்டியலாளருக்குச் சில நிமிட வேலைதான், பிழை எங்கே இருக்கிறது என்று ஒருவர் சொன்னால்.